செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாறும்போது குலுங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கும் வரும் சந்தேகங்கள் இவை. நான் மெக்கானிக் இல்லை. ஒரு பழைய 4 கியர் ஆட்டோமேட்டிக் செடானை வாங்கி, அதன் பின்னால் ஷெட் ஷெட்டாக அலைந்து, கொஞ்சம் பணத்தையும் விட்டுக் கற்றுக்கொண்டவன். கியர் பாக்ஸைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக்? அது தெரிந்தே ஆகவேண்டுமா?

தெரிந்தே ஆகவேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் 'ஆட்டோமேட்டிக்' என்கிறோம். உள்ளே இருப்பதோ நான்கு வெவ்வேறு இயந்திரங்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

முதலாவது ஏ.எம்.டி. மாருதி செலெரியோ 2014-இல் இதைக் கொண்டுவந்த பிறகுதான் நம் ஊரில் சின்ன கார்களில் ஆட்டோமேட்டிக் பரவியது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ், சாதாரண கிளட்ச் பிளேட். அவற்றை நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது டார்க் கன்வர்டர். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. 2022-க்கு முந்தைய எர்டிகா ஆட்டோமேட்டிக் 4 கியர், இன்னோவா கிரிஸ்டா 6 கியர், கிரெட்டா டீசல் 6 கியர் எல்லாம் இந்த ரகம்.

மூன்றாவது சி.வி.டி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு உலோக பெல்ட் ஓடும். கியர் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. 2014-க்குப் பிறகு வந்த ஹோண்டா சிட்டி பெட்ரோல் ஆட்டோமேட்டிக் இப்படிப்பட்டது. அதே சிட்டி அதற்கு முந்தைய தலைமுறையில் 5 கியர் டார்க் கன்வர்டர். பெயர் ஒன்றாக இருந்தாலும் வருஷத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே உதாரணம்.

நான்காவது இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. 2020-க்கு முந்தைய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் ஆரம்பகால பெட்ரோல் ஆட்டோமேட்டிக் போன்றவை.

சுலபமான ஒரு அடையாளம்: கியர் லீவரில் 'பி' என்ற பார்க்கிங் நிலையே இல்லாமல் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), எம் (மேனுவல்) மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஏ.எம்.டி. மற்றவற்றுக்கு வண்டியின் கையேட்டைப் பாருங்கள். கையேட்டை முந்தைய ஓனர் தொலைத்திருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

எந்தக் குலுக்கல் இயல்பு, எது கோளாறு?

ஏ.எம்.டி.யில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை லேசாக முன்னால் போய் வருவது அதன் பிறவிக் குணம். மற்ற மூன்றிலும் அப்படி இருக்கக் கூடாது. காலையில் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கியர் கொஞ்சம் தாமதமாக மாறுவதும் பெரும்பாலும் இயல்பே. ஆயில் சூடாகும்வரை கம்ப்யூட்டர் அப்படித்தான் வைத்திருக்கும்.

கோளாறு என்றால் என்ன செய்கிறது என்பதைத் துல்லியமாகக் கவனியுங்கள். மெக்கானிக்கிடம் போய் 'ஜெர்க் அடிக்குதுண்ணா' என்றால் அவருக்கு ஒன்றுமே சொல்லாதது மாதிரி. நிறுத்தியிருந்து டி அல்லது ஆர் போடும்போது 'டொம்' என்று அடிக்கிறதா? டி போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கிறதா? ஓடும்போது கியர் மாறும் அந்தக் கணத்தில் பின்னாலிருந்து உதைக்கிறதா? ஆர்.பி.எம். முள் மேலே ஏறுகிறது, வண்டியோ இழுக்கவில்லை, அப்புறம் திடீரென்று கவ்வுகிறதா? சீரான வேகத்தில் போகும்போது ரோட்டில் வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் போவது போல் அதிர்கிறதா? ஐந்தும் ஐந்து வேறு நோய்கள்.

இதோடு இன்னும் மூன்று விவரம்: வண்டி குளிர்ந்திருக்கும்போதா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? எந்தக் கியரிலிருந்து எதற்குப் போகும்போது? ஏ.சி. போட்டிருந்தபோதா? ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள். நான் குறித்துக்கொண்டு போன துண்டுச் சீட்டைப் பார்த்த பிறகுதான் என் மெக்கானிக் என்னிடம் ஒழுங்காகப் பேசவே ஆரம்பித்தார்.

ஷெட்டில் 'கியர் பாக்ஸ் போச்சு, இறக்கணும்' என்கிறார்கள். என்ன செய்வது?

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். முதலில் கியர் பாக்ஸுக்கு வெளியே இருப்பவற்றைப் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் டி போட்டால் ஒரு அடி, ஆர் போட்டால் அதைவிடப் பெரிய அடி. முதல் ஷெட்டில் ஓவராலிங், அதாவது கியர் பாக்ஸை முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும், என்றார்கள். இரண்டாவது ஷெட்டில் இருந்த வயதான அண்ணன் போனட்டைத் திறந்து வைத்துவிட்டு, என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை முழுசாக மிதித்தபடி ஆரிலிருந்து டிக்கும் டியிலிருந்து ஆருக்கும் மாற்றச் சொன்னார். அவர் பக்கவாட்டில் நின்று பார்த்தார். (வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்க வேண்டும்.) ஒவ்வொரு முறையும் எஞ்சின் மொத்தமாக எழுந்து உட்கார்ந்தது. எஞ்சின் மௌண்டிங் ரப்பர் பிய்ந்து, இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. மௌண்டிங்குகளை மாற்றியதும் அந்த அடி போன இடம் தெரியவில்லை. ஓவராலிங் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே கிடையாது.

மௌண்டிங் தவிர வெளியே பார்க்க வேண்டியவை: ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் (ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிந்தால் கியர் உதைப்பது போலவே இருக்கும்), அழுக்குப் பிடித்த த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி), ஐடிலிங் ஏறியிருப்பது, ஆக்ஸில் ஜாயின்ட் ஆட்டம், தளர்ந்த பேட்டரி டெர்மினல், துருப்பிடித்த எர்த் ஒயர். கடைசி இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. கியர் மாற்றுவதெல்லாம் மின்சாரத்தில் இயங்கும் சொலினாய்டு வால்வுகள். அவற்றுக்கு ஒழுங்கான வோல்ட்டேஜ் போகாவிட்டால் கியர் தாறுமாறாகத்தான் மாறும். எஞ்சின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஓடும்போது பொதுவாக 13.5-க்கு மேல் வரும்.

கியர் ஆயில் அளவை நானே பார்க்க முடியுமா?

டார்க் கன்வர்டர் வண்டியில் டிப் ஸ்டிக் இருந்தால் முடியும். ஆனால் எஞ்சின் ஆயில் பார்ப்பது போல் காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கியரிலும் சில விநாடி வைத்துவிட்டு, பி-யில் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவின் டார்க் கன்வர்டர் கார்களில் இதற்கு நேர்மாறு: எஞ்சினைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் அளவு குறைகிறது என்று ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. அளவு கூடினாலும் கெடுதல்தான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் நிற்காது, கியர் வழுக்கும்.

புதிய வண்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக்கே கிடையாது. அடியில் ஒரு செக் பிளக் இருக்கும். எஞ்சின் ஓட, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் (பல மாடல்களில் சுமார் 40 டிகிரி செல்சியஸ்) இருக்கும்போது அதைத் திறந்தால் ஆயில் மெல்லிய கோடாக வழிந்து நிற்க வேண்டும். லிஃப்டும் ஸ்கேனரும் வேண்டும் என்பதால் இது வீட்டு வேலை இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

அளவு குறைந்திருந்தால் அது எங்கோ ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் மாதிரி கியர் பாக்ஸ் ஆயிலை எரித்துத் தீர்க்காது. ஆக்ஸில் சீல், ஆயில் சம்ப் (கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டு) கேஸ்கெட், கூலருக்குப் போகும் ஹோஸ், இந்த மூன்றையும் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆயிலைப் பார்த்தே நிலைமையைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். டார்க் கன்வர்டர் வண்டிகளில் புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக, கண்ணாடி போல் இருக்கும். ஓட ஓடப் பழுப்பாவது சகஜம்; நிறம் மாறியதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கறுப்பாகி, அடிப்பிடித்த சட்டி மாதிரி தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கியர்களைப் பிடிக்கும் கிளட்ச் பிளேட் உராய்ந்து தீய்கிறது. சொட்டின் நடுவே கறுப்பு மண் மாதிரி தங்கினாலும் அதேதான்.

எல்லாவற்றிலும் மோசம், ஆயில் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறுவது. தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. பல வண்டிகளில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அந்தச் சுவர் அரித்துப்போனால் இரண்டும் கலந்துவிடும். கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கரைத்துவிடுவதால், ஆயிலை மட்டும் மாற்றித் தப்பிப்பது கஷ்டம்.

தமிழ்நாட்டில் தண்ணீருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம் என்று தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. கியர் பாக்ஸின் மேல்பக்கம் காற்று போய்வர ஒரு சின்னக் குழாய் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால் உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட வண்டி கழுவி, பாலிஷ் போட்டு, இன்னொரு ஊரில் விற்பனைக்கு நிற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண் இருக்கிறதா, கார்ப்பெட்டுக்குக் கீழே ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

'ஆயுள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறதே?

யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். பி.எம்.டபிள்யூ. உட்படப் பல கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்துதரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. நம் வெயிலிலும் நெரிசலிலும் நான் 50,000–60,000 கி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். செகண்ட் ஹேண்ட் வண்டியில் மீட்டரைக் குறைத்திருக்க வாய்ப்பு இருப்பதால், பில் இல்லாவிட்டால் ஆயில் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

பழைய கியர் பாக்ஸில் ஆயில் மாற்றினால் சுத்தமாகப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கிளட்ச் பிளேட் ஏற்கெனவே தேய்ந்து, அந்தத் துகள்கள் ஆயிலில் மிதந்து, அந்தச் சொரசொரப்பில்தான் வண்டி ஓடுகிறது என்ற நிலையில் புது ஆயில் ஊற்றினால் வழுக்க ஆரம்பிக்கலாம். அந்த கியர் பாக்ஸ் எப்படியும் போகப்போவதுதான். தீய்ந்த வாடை இல்லை, முள் ஏறி வழுக்குவதும் இல்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது என்பதில்தான் சூட்சுமம். மெஷின் வைத்து அழுத்தத்தில் 'ஃப்ளஷ்' செய்வதைப் பழைய வண்டியில் நான் தவிர்ப்பேன். எங்கோ படிந்து சும்மா கிடக்கும் அழுக்கைப் பெயர்த்து, வால்வ் பாடியின் (ஆயிலை அந்தந்தக் கியருக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) நுணுக்கமான வழிகளில் கொண்டுபோய்ச் சொருகிவிடலாம். பிளக்கைத் திறந்து வடியவிட்டு, வடிந்த அளவுக்கு ஊற்றுவதே போதும். ஒரே தடவையில் முழு ஆயிலும் வராது, ஏனென்றால் டார்க் கன்வர்டருக்குள் பாதி தங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 7 லிட்டர், வடிவது 3 லிட்டர் என்றால் முதல் தடவைக்குப் பிறகு 57 சதவீதம் பழைய ஆயில் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டாம் தடவை செய்தால் 33, மூன்றாம் தடவைக்கு 19 சதவீதம். நான் மூன்று முறை செய்தேன். மௌண்டிங் மாற்றிய பிறகும், இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது மிச்சமிருந்த உதை, இரண்டாவது தடவைக்குப் பிறகு பாதியானது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு அறவே நின்றது.

முதல் தடவை மட்டும் சம்ப்பைக் கழற்றி ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். அப்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சம்ப்பின் அடியில் காந்தம் ஒட்டியிருக்கும். அதன் மேல் ஈரச் சாம்பல் போல் மெல்லிய பசை படிந்திருந்தால் சாதாரணத் தேய்மானம். என் வண்டியில் மூன்று காந்தங்கள், மூன்றிலும் கண் மை அப்பியது போல் இருந்தது; விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்ததே தவிர எதுவும் நெருடவில்லை. ஊசி மாதிரி இரும்புச் சிலும்புகள், காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் உலோகத் துணுக்குகள், கறுப்பு அட்டைத் துண்டு போன்றவை இருந்தால் விஷயம் வேறு. அப்போது சம்ப்பை மூடிவிட்டு, ஆயில் செலவை மிச்சப்படுத்தி, ஓவராலிங் பற்றிப் பேசுங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? கடைக்காரர் 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' என்று ஒன்றைத் தருகிறார்.

கையேட்டில் போட்டிருக்கும் பெயரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். டொயோட்டாவில் டி-4 (T-IV) என்றும் டபிள்யூ.எஸ். என்றும் உண்டு, ஹூண்டாயில் எஸ்.பி-3, எஸ்.பி-4, ஹோண்டாவின் டார்க் கன்வர்டருக்கு டி.டபிள்யூ-1, சி.வி.டி.க்கு ஹெச்.சி.எஃப்-2. ஒரே கம்பெனிக்குள்ளேயே இத்தனை. சி.வி.டி.யில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும்; அப்புறம் கழுவி மாற்றினாலும் அந்தக் கீறல் போகாது.

'ஜெர்க் ரிமூவர்' என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே?

வாங்க வேண்டாம்.

ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடுமா?

பாதி தெரியும். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் கருவி ஒன்றைச் செருகி போனில் பார்க்கலாம். ஆனால் மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். அதில் பி0700 (P0700) என்ற கோடு, அதாவது பிழைக் குறியீடு, வந்தால், 'கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ புகார் சொல்கிறது, போய் அங்கே கேள்' என்பதுதான் பொருள். அதைப் பார்த்துவிட்டு கியர் பாக்ஸ் போய்விட்டது என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போனால்தான் உள்ளே இருக்கும் கோடு தெரியும்.

பி0715 என்றால் உள்ளே வரும் வேகத்தை அளக்கும் சென்சார், பி0720 வெளியே போகும் வேகத்தின் சென்சார், பி0750 ஒரு ஷிஃப்ட் சொலினாய்டு. இவை வந்தால் மகிழ்ச்சி அடையலாம். ஒயர், கனெக்டர், சென்சாரோடு முடிய நல்ல வாய்ப்பு உண்டு. பி0730 என்றால் கம்ப்யூட்டர் கேட்ட கியர் விகிதம் கிடைக்கவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது. பி0741 லாக்-அப் கிளட்ச் (சீரான வேகத்தில் டார்க் கன்வர்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) சம்பந்தப்பட்டது. கோடு எதுவுமே வராமலும் உதைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பிய்ந்த மௌண்டிங்குக்கு எந்தக் கோடும் கிடையாது.

பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து கியர் உதைக்கிறது. ஏன்?

பல வண்டிகளில் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர், கிளட்ச்சுகள் தேயத் தேய எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதைக் கற்று வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றும்போது சில வண்டிகள் அந்தப் பாடத்தை மறந்துவிடும். ஒரு வாரம் பொறுங்கள். ஆக்சிலரேட்டரை அரைக்கு மேல் மிதிக்காமல், நின்று கிளம்பி, எல்லாக் கியர்களிலும் ஏறி இறங்கும்படி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டினால் தானாகச் சரியாவது உண்டு. சரியாகாவிட்டால் ஸ்கேனர் வைத்து 'ரீலேர்ன்' செய்ய வேண்டும். ஆயில் மாற்றிய பிறகும் சில மாடல்களுக்கு இதே வேலை தேவைப்படும். கையோடு கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

70 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது அதிர்கிறது. கியர் பாக்ஸா, எஞ்சினா?

டார்க் கன்வர்டர் வண்டி என்றால் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. காலியான நேரான சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதிர்வு இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இருக்க, பிரேக் பெடலை விளக்கு மட்டும் எரியும் அளவுக்குத் தொடுங்கள். லாக்-அப் கிளட்ச் உடனே விடுபடும், ஆர்.பி.எம். சில நூறு ஏறும். அந்தக் கணத்தில் அதிர்வு நின்றால் குற்றவாளி லாக்-அப். ஆயில் மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம், பல வண்டிகளில் அதுவே கடைசி வைத்தியமாகவும் இருந்துவிடும். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் பிளக், காயில், டயர் பேலன்ஸ் பக்கம் போங்கள்.

ஏ.எம்.டி.யில் குலுக்கல் நாளுக்கு நாள் அதிகமாகிறது. என்ன பார்ப்பது?

கிளட்ச் பிளேட்டைத்தான். மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் முந்தைய ஓனருக்கு இருந்திருந்தால் பிளேட் கருகியிருக்கும். பிளேட் நல்லதாக இருந்தால் கிளட்ச் பிடிக்கும் இடத்தை ஸ்கேனர் மூலம் மறுபடி கற்றுக்கொடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கிளட்ச் மாற்றிய பிறகு இது கட்டாயம். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள மாடல்களில் அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஆயில் தொட்டி இருக்கும். அதன் அளவைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

ஓட்டும் முறையிலும் பாதி இருக்கிறது. கியர் மாறப்போகிறது என்று காது சொல்லும்போது காலை ஒரு துளி தளர்த்துங்கள். மேனுவல் ஓட்டிப் பழகியவருக்கு இது இரண்டே நாளில் வந்துவிடும். நீண்ட சிக்னலில் என்-இல் போடுங்கள், மேட்டில் ஹேண்ட் பிரேக்.

இரட்டைக் கிளட்ச் வண்டி நெரிசலில் மட்டும் திணறுகிறது?

போலோ ஜி.டி. போன்றவற்றில் இருக்கும் டி.க்யூ.200 என்ற 7 கியர் பெட்டி, உலர் கிளட்ச் ரகம். குளிர்விக்க ஆயில் கிடையாது. ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உராய்ந்து சூடாகும். முன்னால் போகும் வண்டியை ஓரடி ஓரடியாகத் துரத்தாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு, பிரேக்கை முழுசாக விட்டு நகருங்கள்.

அதில் ஒரு கிளட்ச் 1, 3, 5, 7-ஐயும், மற்றது 2, 4, 6 மற்றும் ரிவர்ஸையும் இயக்குகிறது. அதனால் எந்தக் கியர்களில் அதிர்கிறது என்று குறித்தால் எந்தக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே ஊகிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கியரே இல்லாமல் போய், பானா சின்னம் கண் சிமிட்டினால் மெகாட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியைச் சந்தேகியுங்கள். அதைப் பிரித்துப் பழுதுபார்க்கும் கடைகள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கின்றன. புதிதாக மாற்றுவதற்கு முன் அங்கே விசாரியுங்கள். ஃபோர்டு வாங்கியவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அந்த நிறுவனம் 2021-இல் அறிவித்துவிட்டது. கிளட்ச் செட் கையில் கிடைக்கும் என்று உறுதியான பிறகு கியர் பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள்.

சி.வி.டி.யில் கியரே இல்லையே, அப்புறம் ஏன் ஜெர்க்?

அதனால்தான் அதில் ஜெர்க் வந்தால் உடனே கவனிக்க வேண்டும். வேகம் பிடிக்கும்போது விட்டு விட்டு இழுப்பதும், 'ஙீ' என்ற ஊளையும் சேர்ந்து வந்தால் பெல்ட் அல்லது கப்பி. ஆயிலை உடனே சரியான ரகத்துக்கு மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வண்டி மூன்றாம் கியரிலேயே நிற்கிறது, வேகமே எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் பெரிய தவறு ஒன்றைப் பார்த்துவிட்டு, தற்காப்புக்காக ஒரே கியரைப் பூட்டி வைத்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, அணைத்து, சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பல நேரம் சரியாகிவிடும். அப்படிச் சரியானதும் மறந்துவிடுவதுதான் தவறு. கோடு நினைவில் பதிவாகியிருக்கும்போதே ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள்.

கடைசியில் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால்?

ஒரே ஒரு கியர் மாற்றத்தில் மட்டும் உதை, ஆயில் சுத்தம் என்றால் சொலினாய்டு அல்லது வால்வ் பாடி. நிறைய கியர் பாக்ஸ்களில் சம்ப் வழியாகவே இதைக் கழற்றலாம், பெட்டியை இறக்க வேண்டாம். ஆயில் தீய்ந்து, பல கியர்களில் வழுக்கினால் முழு ஓவராலிங்.

பழைய இரும்புக் கடையிலிருந்து முழு கியர் பாக்ஸ் வாங்கிப் போடும் யோசனையும் வரும். சில நேரம் அதுவே சிக்கனம். ஆனால் எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டி மோதியதா, மூழ்கியதா என்று தெரிய வேண்டும்; சம்ப்பைத் திறந்து காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். பார்ட் நம்பரில் ஓர் எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டர் ஒத்துப்போகாமல் போகலாம். ஓவராலிங்கோ பழைய பெட்டியோ, எதுவானாலும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். பழைய சிலும்புகள் அங்கே தங்கியிருந்து புது வேலையைக் கெடுக்கும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டுத் தரும்படி முதல் நாளே சொல்லி வையுங்கள்.

இன்னும் வாங்கவில்லை; பார்க்கத்தான் போகிறேன். எப்படி ஓட்டிப் பார்ப்பது?

'நாங்க வார்ம் அப் பண்ணி வச்சிருக்கோம் சார்' என்றால் எச்சரிக்கையாகுங்கள். குளிர்ந்த எஞ்சினோடு பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் கால் வைத்து ஆர், என், டி என்று மாற்றுங்கள். ஒரு விநாடி, அதிகம் போனால் ஒன்றரை விநாடிக்குள் பிடிக்க வேண்டும். அப்புறம் குறைந்தது நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் வழுக்குவது தேய்ந்த பெட்டியின் பழைய தந்திரம். அதில் ஒரு மேடு கட்டாயம் இருக்கட்டும். சேலம், நாமக்கல் பக்கம் என்றால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி போதும், கொல்லிமலையின் எழுபதையும் ஏற வேண்டாம். மேட்டில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். பல பெட்டிகளில் முதலில் தளர்வது ரிவர்ஸ்தான். உடன் வரும் விற்பனையாளர் பாட்டைச் சத்தமாக வைத்தால் அணைக்கச் சொல்லுங்கள்.

வழியில் நின்றுவிட்டது. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் போகலாமா?

டார்க் கன்வர்டர், சி.வி.டி. வண்டிகளை அப்படி இழுக்கக் கூடாது. ஆயில் பம்ப் சுற்றுவது எஞ்சின் ஓடினால்தான். எஞ்சின் அணைந்து சக்கரம் மட்டும் சுழன்றால், உள்ளே ஆயில் போகாமல் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் உலர்ந்து தேயும். சின்னக் கோளாறாக நின்ற வண்டி, ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது பெரிய கோளாறாகியிருக்கும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட் பெட் வண்டி வரச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால், இயங்கும் சக்கரங்களையாவது தரையில் படாமல் தூக்கி இழுக்க வேண்டும். முன் சக்கர இழுவை உள்ள கார் என்றால் முன்பக்கம். தள்ளி ஸ்டார்ட் செய்ய உதவிக்கு வருபவர்களிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள், ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது.